நடுவழியில் வண்டி நின்றால்: எந்த அறிகுறிக்கு எந்தச் சாமான்

கிருஷ்ணகிரியில் குடியிருந்துகொண்டு வேலைக்காக ஓசூருக்கும் சேலத்துக்கும் வாரத்தில் மூன்று நாளாவது காரில் போய்வருகிற ஆள் நான். மெக்கானிக் கிடையாது. ஆனாலும் இத்தனை வருஷத்தில் மேலுமலை, காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தொப்பூர் என்று ஊருக்கு ஒரு தடவையாவது பானெட்டைத் தூக்கிவிட்டு நின்றிருக்கிறேன், அதனால் சொல்ல கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

முதல் கார் வாங்கிய புதிதில் 46 உருப்படி கொண்ட டூல் பாக்ஸ் ஒன்று வாங்கி டிக்கியில் வைத்தேன். திறந்தால் நகைப்பெட்டி மாதிரி மின்னும். காரிமங்கலம் தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் வண்டி அசையவில்லை, அந்தப் பெட்டியை விரித்து வைத்துக்கொண்டு எதை எடுத்து எங்கே போடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். டீ குடிக்க வந்த டெம்போக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, பேட்டரி டெர்மினலைக் கையால் ஆட்டினார், ஆடியது. "பத்து நம்பர் ஸ்பேனர் இருந்தா குடுங்கண்ணா" என்றார். என் பெட்டியில் பத்து நம்பர் சாக்கெட் இருந்தது, ஆனால் அந்த இடுக்கில் சாக்கெட்டைத் திருப்பும் ராட்செட் நுழையவில்லை. அவர் தன் சீட்டுக்கு அடியிலிருந்து துருப்பிடித்த ஸ்பேனர் ஒன்றை எடுத்து வந்து இறுக்கினார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. காசு கொடுத்தால் வாங்கவில்லை, டீக்கு மட்டும் சரி என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பெட்டியைக் காலி பண்ணினேன். வண்டி என்னென்ன மாதிரி நிற்கும், அதில் ரோட்டோரத்தில் நம்மால் முடிவது எது, அதற்கு என்ன வேண்டும் என்று யோசித்துச் சேர்த்தால் எல்லாமே ஒரு கேன்வாஸ் பையில் அடங்கிவிடுகிறது. கீழே எழுதியிருப்பதும் அந்த வரிசையில்தான்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை

ஓடிக்கொண்டிருக்கும்போதே என்னமோ சரியில்லை என்று தெரிந்தால் நான்கு பக்க இண்டிகேட்டரைப் போட்டு, வெள்ளைக்கோட்டுக்கு வெளியே எவ்வளவு தூரம் ஒதுங்க முடியுமோ அவ்வளவு ஒதுங்குங்கள். டயர் பஞ்சரானால்கூட 200 மீட்டர் மெதுவாக உருட்டிக்கொண்டு நல்ல இடம் தேடிப் போகலாம், டயர் வீணானால் போகட்டும். வளைவிலும் பாலத்தின் மேலும் நிறுத்தாதீர்கள். கூட வந்தவர்களை இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். வண்டிக்குப் பின்னால் நின்று போன் பேசுவது வேண்டவே வேண்டாம்.

சிவப்பு முக்கோணப் பலகையைப் பலர் வண்டியிலிருந்து பத்தடி தள்ளி வைத்துவிட்டுக் கடமை முடிந்ததாக நினைக்கிறார்கள். தேசிய நெடுஞ்சாலை 44-ல் 90 கி.மீ. வேகத்தில் வருகிற லாரி ஒரு நொடிக்கு 25 மீட்டர் கடக்கும். நீங்கள் பத்தடியில் வைத்தது அவன் கண்ணில் படும்போது எல்லாம் முடிந்திருக்கும். குறைந்தது 100 பெரிய எட்டு வைத்துப் பின்னால் நடங்கள், வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வையுங்கள். முக்கோணம் இல்லாதவர்கள் வேப்பந்தழையை ஒடித்துப் போட்டு, நாலு கல்லை வரிசையாக வைப்பது நம் ஊர் வழக்கம். தழை தப்பில்லை. ஆனால் வேலை முடிந்ததும் கல்லை ரோட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பும் ஆட்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும், ராத்திரி பைக்கில் வருகிறவன் அதில் ஏறித்தான் விழுகிறான்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033-ஐக் கூப்பிடலாம், ரோந்து வண்டியும் இழுத்துப்போக கிரேனும் அனுப்புவார்கள். போனில் கேட்கிற முதல் கேள்வி எந்த கிலோமீட்டர் கல், எந்தத் திசை என்பதுதான். ரோட்டோரக் கல்லைப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108.

இதுக்குப் பையில்: முக்கோணம் ஒன்று, மின்னும் பச்சை ஜாக்கெட் ஒன்று, தலையில் மாட்டுகிற டார்ச் ஒன்று. கையில் பிடிக்கிற டார்ச் வேண்டாம், ஸ்பேனர் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். போன் வெளிச்சத்தில் வேலை பார்த்தால் போன் ரேடியேட்டருக்குப் பின்னால் விழும், எனக்கு விழுந்திருக்கிறது.

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது "டக்" என்று ஒரே சத்தம்

முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். இந்த ஒரு சோதனையிலேயே பாதி தெரிந்துவிடும்.

லைட் மங்கி அணைந்துபோனால் பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் லூஸ். பானெட்டைத் திறந்து இரண்டு டெர்மினலையும் ஆட்டிப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கரண்ட் போகாது. பத்து நம்பர் ஸ்பேனரால் கழற்றி (கறுப்பு முதலில், மாட்டும்போது சிவப்பு முதலில்), உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினாலே பல வண்டி கிளம்பிவிடும். வீட்டில் என்றால் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வாசலின் தடவுங்கள்.

லைட் கொஞ்சமும் மங்காமல் "டக்" மட்டும் வந்தால் இஞ்சினைச் சுற்றிவிடும் செல்ஃப் மோட்டாரைச் சந்தேகப்படுங்கள். பழைய வித்தை ஒன்று உண்டு: வீல் ஸ்பேனரின் முனையால் மோட்டார் உடம்பில் லேசாக இரண்டு தட்டு தட்டி, மறுபடி முயல்வது. தேய்ந்த கார்பன் பிரஷ் ஒருமுறை தொடர்பு கொள்ளும், அந்த ஒருமுறையிலேயே பட்டறைக்குப் போய்விட வேண்டும், வழியில் டீ குடிக்க அணைக்கக் கூடாது.

லைட் நன்றாக எரிகிறது, சத்தமும் இல்லை என்றால் சின்ன விஷயமாக இருக்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் "பி"யில் சரியாக விழவில்லை, மேனுவலில் கிளட்ச் முழுசாக மிதிபடவில்லை, அடியில் மேட் மடிந்து கிடக்கிறது. பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் சாவியின் உள்ளே இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். சாவியையே பட்டனோடு ஒட்டிவைத்து அமுக்கினால் பெரும்பாலான வண்டிகள் எடுத்துக்கொள்ளும். அந்தப் பேட்டரி ஒன்றை வாங்கி டேஷ்போர்டில் போட்டுவையுங்கள், தீப்பெட்டி அளவுகூட இடம் பிடிக்காது.

சின்ன மல்டிமீட்டர் ஒன்று பையில் இருந்தால் ஊகமே வேண்டாம். வண்டி அணைந்திருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் வேறு வண்டியின் தயவு வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்கும் கீழே சரிந்தால் பேட்டரிக்கு வயசாகிவிட்டது, சார்ஜ் போட்டுப் பிரயோஜனமில்லை.

ஜம்பர் கேபிள் போடும் வரிசையை எழுதியே வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி பதற்றத்தில் மறந்துபோகும். இரண்டு வண்டியும் அணைந்திருக்க வேண்டும், ஒன்றையொன்று தொடக் கூடாது. சிவப்பின் ஒரு முனை செத்த பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனை நம் வண்டி இஞ்சினின் பெயிண்ட் அடிக்காத இரும்பில், பேட்டரியிலிருந்து தள்ளி. சார்ஜ் ஆகிற பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், கடைசியாகப் போடும் முனையில் பொறி பறக்கும், இரண்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது, அதற்குத்தான் இந்த ஏற்பாடு. நல்ல வண்டியை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு அப்புறம் நம்முடையதைத் திருப்புங்கள். கிளம்பியதும் போட்டதற்குத் தலைகீழ் வரிசையில் எடுங்கள்.

கேபிள் வாங்குவதில்தான் ஏமாறுகிறோம். வெளியே விரல் தடிமன் ரப்பர், உள்ளே தேங்காய் நார் மாதிரி நாலு கம்பி. செல்ஃப் அடிக்கையில் 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அந்தக் கம்பி சூடாகிக் குழையுமே தவிர வண்டி எடுக்காது. செம்புக் கம்பியில் 16 சதுர மில்லிமீட்டராவது கேளுங்கள், டீசல் என்றால் 25. கடைக்காரர் முகத்தைச் சுளித்தால் வேறு கடை.

தள்ளி ஸ்டார்ட் பண்ணுவது மேனுவல் வண்டிக்கு மட்டும்தான், இரண்டாவது கியரில். அதுவும் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால்தான், இஞ்சின் கம்ப்யூட்டருக்கே கரண்ட் இல்லாவிட்டால் ஊரே சேர்ந்து தள்ளினாலும் பிடிக்காது.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை

பெட்ரோல் முள்ளைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், நின்ற வண்டிகளில் இப்படி நிற்பதும் கணிசம்.

அப்புறம் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பிவிட்டுக் காதைப் பின்சீட்டுப் பக்கம் வையுங்கள். பெட்ரோல் வண்டியில் இரண்டு நொடி "ஊங்" என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பம்ப் ஃபியூஸ் அல்லது ரிலே (கரண்டைத் திறந்து மூடும் சின்னச் சுவிட்ச் பெட்டி). டேஷ்போர்டில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னிக்கொண்டிருந்தால் இம்மொபிலைசர் என்கிற திருட்டுத்தடுப்பு சாவியை அடையாளம் காணவில்லை, சாவிக்கொத்தில் தொங்கும் மற்ற சாவிகளைக் கழற்றிவிட்டு முயலுங்கள், இல்லையென்றால் இரண்டாவது சாவிதான். அந்த இரண்டாவது சாவி வீட்டு பீரோவில் இருக்கும், என்ன பண்ண.

டீசல் வண்டியை ஒட்டக் காலியாக்கிவிட்டால், டீசல் ஊற்றினாலும் உடனே எடுக்காது, லைனில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் பக்கத்தில் ரப்பர் உருண்டையோ அமுக்கும் பட்டனோ இருக்கிறதா பாருங்கள், இருந்தால் அது கல் மாதிரி இறுகும்வரை அமுக்கி அமுக்கிவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். பழைய டிராக்டர் பழக்கத்தில் இன்ஜெக்டர் பைப்பை லூஸாக்கிக் காற்று எடுக்க யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள். இப்போதைய காமன் ரெயில் இஞ்சினில் அந்தப் பைப்பில் 1000 பாருக்கு மேல் அழுத்தம், தோலைக் கிழித்துக்கொண்டு டீசல் உள்ளே போகும்.

கடலைக்காட்டுப் பக்கமோ புளி, தானியம் அடுக்கிய கொட்டகையிலோ வண்டி நிறுத்துகிறவர்களுக்கு ஒன்று. காலையில் திடீரென்று எடுக்கவில்லை, நேற்றுவரை நன்றாக ஓடியது என்றால் பானெட்டைத் திறந்து எலிப்புழுக்கை இருக்கிறதா பாருங்கள். ஒயரைக் கடித்திருக்கும். அறுந்த இரண்டு முனையையும் சீவி, ஒரே நிறத்தை ஒரே நிறத்தோடு முறுக்கி, தனித்தனியே டேப் சுற்றினால் பட்டறைவரை போகலாம். கட்டிங் பிளேயர், கறுப்பு இன்சுலேஷன் டேப், இரண்டு மீட்டர் ஒயர் போதும்.

சப்வேயில் தேங்கிய தண்ணீரில் நின்றுபோன வண்டியை மட்டும் மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. உள்ளே போன தண்ணீரைப் பிஸ்டன் நசுக்கப் பார்க்கும், தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடு வளையும். தள்ளி வெளியே கொண்டுவந்து கிரேனுக்குச் சொல்லுங்கள்.

டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, அல்லது பானெட்டிலிருந்து ஆவி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும்போது மேலுமலை ஏற்றத்தில், சித்திரை வெயிலில், ஏசி போட்டுக்கொண்டு, நாலு பேரும் லக்கேஜுமாக ஒரு லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்தால் ரேடியேட்டரில் இருக்கும் எந்தக் குறையும் வெளியே வந்துவிடும். ஓசூர் நம்மைவிட ஏறக்குறைய 400 மீட்டர் உயரம், அந்த ஏற்றமெல்லாம் இஞ்சின் தலையில்தான்.

முள் ஏற ஆரம்பித்ததுமே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டிலும் முழு வேகத்திலும் வையுங்கள். வேர்த்து ஊற்றும், திட்டுவார்கள். ஆனால் ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், இஞ்சின் சூட்டை இழுத்து உங்கள் மேல் கொட்டும். அதிலேயே முள் இறங்கினால் மெதுவாகப் போய் நிழலில் நிறுத்தலாம். இறங்கவில்லை, அல்லது ஹீட்டரில் திடீரென்று குளிர்ந்த காற்று வருகிறது என்றால் கூலண்டே (ரேடியேட்டர் தண்ணீர்) இல்லை என்று அர்த்தம், உடனே அணையுங்கள். இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே என்று ஓட்டினால் இஞ்சின் தலைப்பக்கத்தை அடைக்கும் ஹெட் கேஸ்கட் போகும்.

ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். நான் திறக்கவில்லை, ஆனால் காவேரிப்பட்டணத்துக்கு இந்தப் பக்கம் ஒருவர் திறந்ததை ஐந்தடி தூரத்திலிருந்து பார்த்தேன். கையில் துண்டு சுற்றிக்கொண்டுதான் திருகினார், பழகிய ஆள் மாதிரி இருந்தார். பாதிச் சுற்றுகூட ஆகியிருக்காது, "புஸ்" என்று ஒரு சத்தம், மூடி எங்கே போனது என்று தெரியவில்லை, பச்சைத் தண்ணீர் ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பியது. முகத்தைத் திருப்பிக்கொண்டதால் கண் தப்பியது, முழங்கையிலிருந்து தோள்வரை வெந்துபோயிற்று. மூடி இறுக்கமாக இருக்கும்வரை உள்ளே அழுத்தம் இருப்பதால் 115, 120 டிகிரியில்கூடத் தண்ணீர் கொதிக்காது. மூடி லூஸானதும் அழுத்தம் போய், அத்தனையும் ஒரே நொடியில் கொதிக்கும். துண்டு எதையும் தடுக்காது. முக்கால் மணிநேரம் உட்காருங்கள், மேல் ஹோஸைத் தொட்டால் கை பொறுக்க வேண்டும், அழுத்தினால் மெத்தென்று இருக்க வேண்டும், அப்புறம்தான் மூடி.

காத்திருக்கும் நேரத்தில் கீழே குனிந்து எங்கே ஒழுகுகிறது என்று தேடுங்கள். ஹோஸ் முனையில் என்றால் கிளிப்பைத் திருப்புளியால் இறுக்குங்கள் அல்லது புதுக் கிளிப் போடுங்கள். ஹோஸ் நடுவில் வெடிப்பு என்றால், தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப் என்று ஒன்று கிடைக்கிறது, துடைத்துக் காயவைத்து நன்றாக இழுத்து நாலைந்து சுற்று. சாதாரண டேப் சூட்டில் உரிந்துவிடும். ஒழுகலே இல்லை, கூலண்டும் இருக்கிறது, ஆனால் நிற்கும்போது மட்டும் சூடேறுகிறது என்றால் ஃபேன் ஓடவில்லை. ஃபேன் ஃபியூஸைப் பாருங்கள். ரிலே மேல் சந்தேகம் என்றால், ஹாரன் ரிலேயில் அதே நம்பரும் அதே கால்களும் இருந்தால் பிடுங்கி மாற்றிப் போடலாம். ஹாரன் இல்லாமல் வீட்டுக்குப் போகலாம், ஃபேன் இல்லாமல் போக முடியாது.

தண்ணீர் ஊற்றும்போது ஜில்லென்று மொத்தமாகக் கவிழ்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள், சூடான இரும்பு விரிசல் விடும். டிக்கியில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன் எப்போதும் இருக்கட்டும். குடிக்கவும் அதுதான், கை கழுவவும் அதுதான்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது, அடியில் "தடதட"

பஞ்சர். எல்லோருக்கும் தெரிந்த வேலை என்பதால் எல்லோரும் தப்பாகச் செய்கிற வேலை.

பாலக்கோடு ரோட்டில், முந்தின ராத்திரி மழை பெய்து ஓரம் முழுக்க ஈரச் செம்மண். ஜாக்கியை வைத்துத் திருகத் திருக வண்டி மேலே வரவில்லை, ஜாக்கிதான் கீழே போய்க்கொண்டிருந்தது. தோட்டத்திலிருந்து பெரியவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். கோபித்துக்கொண்டாரோ என்று நினைத்தேன். தக்காளிப் பெட்டியின் உடைந்த பலகை இரண்டைக் கொண்டுவந்து ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்காகப் போட்டு, "இது மேல வையப்பா" என்றார். மறுவாரமே ஆசாரியிடம் சொல்லி ஓரடிக்கு ஓரடி, ஓரங்குல கனத்தில் புளியம்பலகை ஒன்று அறுத்து வாங்கினேன். என் பையில் அதிகம் பயன்பட்ட சாமான் அதுதான். நான் பயன்படுத்தியதைவிட ரோட்டில் நின்ற மற்றவர்கள் பயன்படுத்தியது அதிகம்.

ஹேண்ட்பிரேக், முதல் கியர், எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று லூஸாக்கிவிடுங்கள், தூக்கிய பிறகு முயன்றால் சக்கரம் சுற்றும், வண்டி ஆடும். வண்டியோடு வரும் வீல் ஸ்பேனர் ஒரு சாண் நீளம், பட்டறைக்காரர் ஏர் கன்னில் இறுக்கியதை அது அசைக்காது. கூட்டல் குறி மாதிரி நாலு பக்கமும் முனை இருக்கிற வீல் ஸ்பேனரில் 17, 19, 21 எல்லாம் இருக்கும், அதை வாங்குங்கள். அலாய் வீலில் திருட்டுப்போகாத லாக் நட் இருந்தால் அதற்கான சாவி எங்கே என்று இப்போதே போய்ப் பாருங்கள்.

ஜாக்கியில் வண்டி நிற்கும்போது கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டுவையுங்கள். ஜாக்கி சரிந்தால் வண்டி அதன்மேல் உட்காரும், உங்கள் கைமேல் உட்காராது. நட்டெல்லாம் எடுத்தும் சக்கரம் துருவில் ஒட்டிக்கொண்டு வராவிட்டால், வண்டியை உலுக்காமல் உட்கார்ந்தபடி டயரின் மேலும் கீழும் மாற்றி மாற்றிக் குதிகாலால் உதையுங்கள். மாட்டும்போது நட்டை எதிரெதிராக இறுக்கி, 50 கி.மீ. போனதும் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள்.

ஸ்டெப்னியில் காற்று இருக்காது. இது நம் நாட்டு வழக்கம். காற்று பிடிக்கப் போகும்போது நாலு சக்கரத்தோடு ஐந்தாவதையும் காட்டச் சொன்னால், டிக்கியில் சாமான் இருக்கிறதுங்க என்போம். 12 வோல்ட் காற்றடிக்கும் மெஷின் ஒன்று வைத்துக்கொண்டால் இந்தப் பிரச்சினையே இல்லை, இஞ்சினை ஓடவிட்டு அடியுங்கள். டியூப்லெஸ் டயரில் ஆணி என்றால் குச்சி போடும் கிட்டையும் வைத்துக்கொண்டு, சக்கரத்தைக் கழற்றாமலே பத்து நிமிஷத்தில் முடிக்கலாம். ஆனால் டயரின் பக்கச் சுவரில் கிழிந்திருந்தால் குச்சி வேண்டாம். மெலிந்த ஸ்டெப்னி கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதன்மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள், 80-க்கு மேல் போகக் கூடாது, காற்றும் சாதாரண டயரைவிட அதிகம் வேண்டும், பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ.

இறக்கத்தில் கருகல் நாற்றம், பிரேக் கால் உள்ளே போகிறது

தர்மபுரியிலிருந்து சேலம் போகையில் தொப்பூர் கணவாய் இறக்கம். அங்கே இரட்டைப் பாலம் பக்கத்தில் விபத்து என்பது நமக்கெல்லாம் பேப்பரில் படித்துப் பழகிப்போன செய்தி. பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் பேட் சூடேறிப் பிடிப்பு போகும், பிரேக் ஆயில் ஈரம் இழுத்துப் பழசாகியிருந்தால் உள்ளேயே கொதித்துக் குமிழி விடும், கால் பஞ்சில் மிதிப்பது மாதிரி போகும். இதற்கு டிக்கியில் சாமான் எதுவும் கிடையாது. மூன்றாவது, இரண்டாவது என்று கியரைக் குறைத்து இஞ்சினால் வேகத்தைப் பிடியுங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள். நியூட்ரலில் உருட்டி டீசல் மிச்சம் பிடிக்கிற ஆட்களோடு எனக்குப் பேச்சில்லை.

நிறுத்திய பிறகு கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரைமணிநேரம் விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணும். ஆறியும் கால் மெத்தென்றே இருந்தால் ஓட்டாதீர்கள்.

ஓடும்போது பேட்டரி விளக்கு எரிகிறது

ஓடும்போது பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் பண்ணவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெல்ட் அறுந்து, அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது என்றால் பயணம் அங்கேயே முடிந்தது, இரண்டு மூன்று கிலோமீட்டரில் இஞ்சின் வெந்துவிடும். பெல்ட் இருந்தால் ஏசி, பாட்டு, சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எடுங்கள், அதன்பிறகு நடுவில் அணைக்கவே வேண்டாம். நல்ல பேட்டரி என்றால் பகலில் 30 கி.மீ. இழுத்துவிடலாம். ராத்திரி ஹெட்லைட்டோடு அந்தக் கணக்கு நிற்காது.

ஹாரன், வைப்பர், லைட், ஏதோ ஒன்று மட்டும் இல்லை

ஃபியூஸ். ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் படம் இருக்கும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். போனதற்கு அதே நிறம், அவ்வளவுதான். பெரியது போட்டால் ஃபியூஸ் பிழைக்கும், ஒயர் எரியும். சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றி மாட்டுகிற ஆள் இன்னும் இருக்கிறார்.

டேஷ்போர்டில் ஆயில் கிண்ண விளக்கு சிவப்பில் எரிந்தால்

அந்த நொடியே இஞ்சினை அணையுங்கள். வத்தல்மலை மாதிரி ரோட்டில் கல்லில் அடி தட்டி ஆயில் சம்ப் (இஞ்சின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஒழுகியிருக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் ஆயிலே இல்லை என்றால் கிரேன். சின்ன ஓட்டை, சொட்டுச் சொட்டாக என்றால் நன்றாகத் துடைத்துவிட்டு எம்-சீல் பசையைப் பிசைந்து அப்பி, காயவிட்டு, ஆயில் ஊற்றிப் பார்க்கலாம். பெட்ரோல் டேங்க் கசிவுக்கு துணி சோப்பைத் தேய்த்து அடைப்பது பழைய வழி, பக்கத்து ஊர்வரை தாங்கும். பீடி பிடிப்பவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ரிப்பேர் பார்க்கவே கூடாத இடம்

அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகிற காட்டு ரோட்டில் இருட்டிய பிறகு நின்றால் மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அது யானைகள் நடமாடும் காடு, இந்தப் பகுதியில்தான் 2022-ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டிக்குள்ளேயே இருங்கள், பின்னால் வருகிற பஸ்ஸையோ ஜீப்பையோ நிறுத்துங்கள். போன் சிக்னல் பல இடத்தில் கிடைக்காது. இதற்குப் பையில் இருக்க வேண்டியது ஒரு பாக்கெட் பிஸ்கட், குளிருக்கு ஒரு போர்வை.

பை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம்

லக்கேஜுக்கு அடியில் ஸ்டெப்னிக் குழியில் எல்லாவற்றையும் வைத்தால், மழையில் கல்யாண சீர்வரிசையை ரோட்டில் இறக்கி வைத்துவிட்டுத்தான் ஜாக்கியை எடுக்க வேண்டும். எனக்கு நடந்தது, சீர் எங்களுடையதுகூட இல்லை. அதிலிருந்து முக்கோணம், டார்ச், ஜாக்கெட் மூன்றும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள பையில். பலகையும் ஜாக்கியும் டிக்கியின் இடது ஓரத்தில், ரப்பர் கயிற்றால் கட்டி. மற்றவை கேன்வாஸ் பையில்: 8-10, 12-13, 14-17 ஸ்பேனர், இரண்டு பக்கமும் மாற்றிப் போடுகிற திருப்புளி, பிளேயர், மல்டிமீட்டர், ஃபியூஸ், கிளிப், டேப் இரண்டு வகை, கட்டுக்கம்பி, எம்-சீல், உப்புத்தாள், கையுறை, படுத்துப் பார்க்க ஒரு பழைய உரச்சாக்கு. ஜம்பர் கேபிளும் காற்று மெஷினும் தனி.

ஆறு மாசத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாருங்கள். எம்-சீல் கல்லாகியிருக்கும், டேப் பசை உருகி ஒழுகியிருக்கும். டார்ச் இருக்காது. கரண்ட் போன ராத்திரி வீட்டில் யாராவது எடுத்துப் போயிருப்பார்கள், கேட்டால் யாருக்கும் தெரியாது. நான் இப்போது மூன்று வாங்கி, இரண்டை நானே வீட்டில் கொடுத்துவிட்டேன்.